பழைய பிக்கப்புக்குச் சேசிஸ் மாற்றப்போகிறீர்களா? இஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள்

பழைய பிக்கப்பைத் தூக்கி நிறுத்த ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கையோடு ஒரு இஞ்சினையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். "நல்ல விலைக்கு வந்துச்சு அண்ணே, எட்டு சிலிண்டர் வி8, விட மனசில்லை." சரி, அது எந்தச் சேசிஸில் உட்காரும், எந்த கியர்பாக்ஸ், ஆயில் சம்ப் (இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் கிண்ணம்) எந்தப் பக்கம் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பாதி வண்டிகள் பலவற்றுக்கும் ஆரம்பம் இதுதான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது டயர் அளவு. அடுத்தது, வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது. ஆக்சில், ஸ்பிரிங், சேசிஸ் எல்லாம் இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டவை. இஞ்சின் வரிசையில் கடைசி.

அதற்கும் முன்னால், சேசிஸை மாற்றத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பழைய ஏணிச் சேசிஸ் பெரும்பாலும் நல்ல இரும்புதான். தொல்லை அதில் தொங்கும் சாமான்களில் இருக்கிறது: ஒரே கட்டையாக வரும் முன் ஆக்சில், டிரம் பிரேக், கையை இழுக்கும் ஸ்டீயரிங். துரு தின்று ஓட்டை விழாத, முறுக்கிக்கொள்ளாத சேசிஸ் என்றால் முன்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் சொல்வேன். 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 வைத்திருப்பவர்கள் கிரௌன் விக்டோரியா காரின் முன்பக்கத்தைத் தேடுவது இதற்காகத்தான். 2003க்குப் பிந்தைய அந்தக் காரில் முன் கிராஸ்மெம்பர், அதாவது சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம், அலுமினிய வார்ப்பு. போல்ட்டைக் கழற்றினால் சஸ்பென்ஷன், ரேக் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் ஒன்றாக இறங்கிவிடும். ஆனால் அது அகலமான காரின் சாமான். மட்கார்டுக்குள் டயர் அடங்குமா என்று அளக்காமல் வாங்கிவிடாதீர்கள்.

முழு சேசிஸும் மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் எல்லோரும் வீல்பேஸைத்தான், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள தூரத்தைத்தான், முதலில் பார்ப்பார்கள். 1947 முதல் 1954 வரை வந்த அரை டன் ஷெவர்லே பிக்கப்புக்கு 116 அங்குலம். ஷெவர்லேயின் பிந்தைய சிறிய பிக்கப்பான எஸ்-10இல், நீளத் தொட்டி வைத்த சாதாரண கேபின் வண்டிக்கு 117.9. கிட்டத்தட்ட ஒன்று என்பதால்தான் இந்த ஜோடி இவ்வளவு பிரபலம். ஆனாலும் அந்த இரண்டு அங்குலம் எங்கேயாவது போயாக வேண்டுமே? முன் சக்கரத்தை மட்கார்டு வளைவின் நடுவில் வைத்துப் பூட்டிவிட்டு, வித்தியாசத்தைப் பின்பக்கம் தள்ளுவது என் வழக்கம். தொட்டியையோ பின் ஆக்சிலையோ கொஞ்சம் நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாது. முன் சக்கரம் அரை அங்குலம் விலகினாலும் தெருவில் போகிறவர் கண்டுபிடித்துவிடுவார். வீல்பேஸோடு, ஒரு ஹப் (சக்கரம் பூட்டும் இடம்) முகத்திலிருந்து எதிர் ஹப் முகம் வரை உள்ள அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதிகம் பேர் மறப்பது அதைத்தான்.

சேசிஸ் கொடுக்கும் வண்டியை முழுசாக, ஓடும் நிலையில் வாங்குவது நல்லது. பெடல், பிரேக் பூஸ்டர், ஸ்டீயரிங் தண்டு, வயரிங் என்று தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். பிரிப்பதற்கு முன் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதில் வரும் சத்தம் நாளைக்கு உங்கள் வண்டியில் வரப்போகும் சத்தம்.

சேசிஸ் எண் விஷயத்தில் விளையாடவே கூடாது. பல வண்டிகளுக்குச் சட்டப்படி அடையாளமே சேசிஸில் குத்தியிருக்கும் எண்தான். பழைய எண்ணை வெட்டி எடுத்துப் புதியதில் ஒட்டித் தரச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பல இடங்களில் அது குற்றம், நான் தொடமாட்டேன். கட்டிங் மிஷினை எடுக்கும் முன் பதிவு அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேபினைத் தூக்கும் முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) போட வேண்டும். துருப்பிடித்த கேபினுக்கு அடிப்பக்கம் பலமே இருக்காது. தூக்கியதும் நடுவில் தொங்கிவிடும், அப்புறம் கதவு எந்தக் காலத்திலும் சரியாகச் சாத்தாது. கேபினைச் சேசிஸோடு நேரடியாக வெல்டிங் செய்வதும் வேண்டாம். சேசிஸ் முறுக்கும், நடுவில் ரப்பர் இல்லாவிட்டால் தகடு வெடிக்கும்.

இப்போது இஞ்சினுக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 என்றால் டிரக்கில் வரும் ஆழமான சம்ப் கிராஸ்மெம்பரில் இடிக்கலாம், அல்லது அதற்குக் கீழே தொங்கலாம். இதைவிடப் பெரிய விஷயம் பெட்ரோல் அழுத்தம். பழைய கார்ப்பரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ போதும், எல்எஸ்ஸின் பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு 58 வேண்டும். பழைய ஹோஸ் அதைத் தாங்காது. டேங்கும் பல பழைய பிக்கப்களில் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கும். அங்கே ஒரு கசிவு என்றால் யோசித்துப் பாருங்கள். நான் டேங்கைச் சேசிஸுக்கு இறக்கிவிடுவேன். 1955க்கு முந்தைய வண்டியாக இருந்தால் மின்சாரம் பெரும்பாலும் 6 வோல்ட்டாக இருக்கும், இந்த இஞ்சினுக்கு 12 வேண்டும். மோட்டார், மீட்டர், பல்பு எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் வெற்றுத் தகடாகவே முழு வண்டியையும் பூட்டி, சைலன்சர் வரை பொருத்தி, ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அதுவரை எல்லாம் டேக்தான், முழு வெல்டிங் இல்லை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். என்னைப் படுத்தியது, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டின் கோணம். கியர்பாக்ஸின் வால் எந்தச் சாய்வில் தாழ்ந்திருக்கிறதோ, பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு அதே சாய்வில் உயர்ந்திருக்க வேண்டும். ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் சாய்வாகச் சுற்றினால், ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனையிலும் கோணம் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றை மற்றொன்று சரிக்கட்டும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் 1 முதல் 3 டிகிரி வரை இருக்கலாம். சுத்தமாகப் பூஜ்யமும் ஆகாது, உள்ளே ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும்.

ஒரு வண்டியில் வெற்றுச் சேசிஸ் மேல் கோணமானியை வைத்து, கச்சிதமாக அளந்து, பின் ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் கட்டையை அன்றைக்கே முழுசாக வெல்டிங் செய்துவிட்டேன். அப்புறம் இஞ்சின், கேபின், தொட்டி எல்லாம் ஏறியதும் முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் இறங்கியது. சேசிஸோடு சேர்ந்து கியர்பாக்ஸின் சாய்வும் மாறிவிட்டது. 70 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் பின்பார்வைக் கண்ணாடியில் வருகிற வண்டி இரண்டாகத் தெரிந்தது. சக்கரம் பேலன்ஸ் பார்த்தோம், ஷாஃப்டை லேத்தில் ஏற்றிப் பார்த்தோம், இஞ்சின் ரப்பரை மாற்றினோம். இரண்டு வாரம் கழித்துத்தான், முழு எடையோடு தரையில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்துக் கோணமானியை வைத்தேன். 3 டிகிரி வித்தியாசம். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் 3 டிகிரி ஆப்பு ஒன்று வைத்து முறுக்கியதும் கண்ணாடியில் ஒரே வண்டிதான் தெரிந்தது.