டிகுளோவிங்: கையுறை நீக்கமல்ல, தோல்கழல்வு

'கையுறை நீக்கக் காயம்' என்ற தொடரை இந்தச் சிறுபோகம் முடிவதற்குள் காது புளிக்கக் கேட்டாயிற்று. முதலில் சிறுவர் விபத்துத் தடுப்பு பற்றிய ஒரு துண்டுப்பிரசுரத்தில் பார்த்தேன். பிறகு அதே தொடர் ஒலிபெருக்கியில் ஊர் சுற்றியது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் ஒரு தம்பி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த அம்மம்மா ஒருவர் குறுக்கிட்டார்: "சைக்கிள் சில்லுக்க கால் போன பிள்ளை எண்டுதானே தம்பி சொன்னனீங்கள். அவன் ஏன் கையுறை போட்டவன்?" விளக்கிய தம்பியிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது.

வைத்தியர்கள் ஆங்கிலத்தில் சொல்லும் 'டிகுளோவிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் இந்தத் தொடர். 'குளோவ்' பழைய ஆங்கிலச் சொல், கையுறை. 'டி' அகற்றுதலைக் குறிக்க இலத்தீன் வழியாக வந்த முன்னொட்டு. தோலும் அதன் அடிக்கொழுப்பும் சேர்ந்து, தசையைப் போர்த்திருக்கும் சவ்விலிருந்து பிரிந்து, கையுறையைக் கழற்றியதுபோல் வந்துவிடும் காயத்துக்கு இந்தப் பெயர். ஜேர்மன்காரர் இதை 'அப்லேடருங்' என்பார்கள், தோலை உரித்தெடுப்பது. பிரெஞ்சுக்காரர் 'டெகோல்மான்' என்பார்கள், ஒட்டு விட்டுப்போவது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பெயரைத் தீர்மானிக்கமுன் காயம் எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். அதைத்தான் பலர் செய்வதில்லை. கரியரில் இருக்கும் பிள்ளையின் குதிக்கால் பின்சில்லுக் கம்பிகளுக்குள் போகும். சில்லு சுழலும் வேகத்தில் குதிக்கால் தோல் அப்படியே பின்வாங்கும். உழவு இயந்திரத்தின் ரயர் காலில் ஏறி உருண்டாலும் நடக்கும். சூடடிக்கிற மெசினின் சுழலும் தண்டில் பின்னல் அகப்பட்டால் தலைத்தோலே போய்விடும். பிள்ளைகளில் அரிதான காயம்தான், ஆனால் ஏமாற்றும் காயம். பிரிந்த தோல் சிலவேளை ஒரே மடலாக முழுதாகக் கிடக்கும். இழுத்து மூடித் தைத்துவிட்டால் சரி என்றே தோன்றும். ஆனால் தோலுக்கு இரத்தம் தரும் நுண்குழாய்கள் அடியிலிருந்து ஏறி வருபவை. தோல் விட்டு வரும்போது அவை அறுந்துவிடும். அப்படியே தைத்த தோல் பெரும்பாலும் சில நாட்களில் கறுத்துப்போகும்.

அதனால் சத்திரசிகிச்சை நிபுணர் காயத்தை நன்றாகக் கழுவி, தோலின் ஓரத்தைச் சிறிது வெட்டி, இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார். கசியாத தோலை வைத்திருக்கமாட்டார். சிலவேளை, வந்த அந்தத் தோலின் அடிக்கொழுப்பைச் சீவி எடுத்துவிட்டு அதையே ஒட்டாகத் திரும்பப் போடுவார். அது சரிவராவிட்டால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுப்பார்கள். எலும்போ தசைநாணோ வெறுமையாய்த் தெரிந்தால் ஒட்டுப் பிடிக்காது. தன் இரத்தக்குழாயோடு வரும் தோல்மடல் வேண்டும். பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. எலும்பு வளரும், தழும்பு அந்த வேகத்தில் வளராது; மூட்டை இழுத்துப் பிடிக்கும். கணுக்காலில் எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டும் அடிபட்டிருந்தால் கால் கோணலாக வளரலாம். ஆகவே காயம் ஆறினாலும் கிளினிக் கொப்பி வருடக்கணக்கில் மூடாது.

இவ்வளவையும் ஒரு தாய்க்கு விளங்கச் சொல்லித்தான் சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கவேண்டும். அந்த நேரத்தில் 'கையுறை நீக்கம்' என்றால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் 'குளோவ்' என்ற சொல்லுக்குள் கை வெளிப்படையாகத் தெரிவதில்லை. நம்முடைய சொல்லிலோ கை முதலிலேயே நிற்கிறது. 'காலில் கையுறை நீக்கம்' என்று எழுதியவர் தன் வாக்கியத்தைத் திரும்ப வாசித்திருக்கமாட்டார். கொரோனாவுக்குப் பிறகு கையுறை என்றால் சனத்துக்கு ஞாபகம் வருவது தாதிமார் போடும் இறப்பர் உறைதான். அதைக் கழற்றுவது காயமா? பழைய இலக்கியத்தில் கையுறை என்றால் காணிக்கை, தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் பூவும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது பரிசைப் பறித்த காயம்.

சரி, கையுறை தொலையட்டும். தனித்தமிழ் அன்பர்கள் இதற்கு மாற்றாகச் சொல்லும் 'தோலுரிப்புக் காயம்' என்பதோடுதான் எனக்கு உண்மையான வழக்கு.

உரித்தல் ஒருவர் செய்கிற வேலை. தேங்காய் உரிக்கிறோம், வெங்காயம் உரிக்கிறோம், ஆட்டை உரிக்கிறோம். உரி என்ற பெயர்ச்சொல்லும் அப்படி உரித்து எடுத்த தோலைத்தான் குறிக்கும்: புலியுரி, மரவுரி. வன்னியின் மேற்கு வாசலில் இருக்கும் திருக்கேதீச்சரத்துக்குச் சுந்தரர் பாடிய பதிகத்திலேயே இறைவன் மதயானையின் உரியைப் போர்த்தவன். யானையை உரித்தவர் இருக்கிறார், உரித்த தோலும் அவர் தோளில் இருக்கிறது. சில்லுக்குள் கால் போன பிள்ளையை யார் உரித்தது? சட்ட வைத்திய அதிகாரிக்குப் போகும் அறிக்கையில் 'தோலுரிப்பு' என்று எழுதினால் பொலிஸ் ஆளைத் தேடும். போதாததற்கு, பாராளுமன்றத்தில் யாரோ யாரையோ 'தோலுரித்துக் காட்டினார்' என்று பத்திரிகைகள் கிழமைக்கு ஒருக்கால் தலைப்புப் போடுகின்றன.

இதைச் சொன்னதும் 'அப்படியானால் தோலுரிவு, தன்வினை' என்று ஒரு நண்பர் திருத்தினார். இலக்கணம் சரி. ஆனால் தோல் தானாக உரிவது நமக்குத் தெரிந்த வேறு விடயம். வெயிலில் நின்றால் முதுகு உரியும். சில காய்ச்சலுக்குப் பிறகு உள்ளங்கை உரியும். அங்கே போவது மேல்தோல் மட்டும். இரண்டு கிழமையில் புதுத்தோல் வந்துவிடும். "பிள்ளைக்குத் தோல் உரிஞ்சிருக்கு" என்று சொன்னால் தாய் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருப்பார். கடுமையான காயத்துக்கு மெல்லிய பெயர் வைப்பது, பெயரே வைக்காததைவிட மோசம்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தக் காயத்தில் மூடிய வகை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர் மொரெல்-லவலேயின் பெயரால் அழைக்கப்படுவது. மேலே தோல் கிழியவே இல்லை. ஆனால் உள்ளே கொழுப்பும் சவ்வும் பிரிந்து, இடைவெளியில் இரத்தமும் நிணநீரும் தேங்கும். இடுப்பிலும் தொடையிலும் அதிகம். வெளியே பார்த்தால் வீக்கமும் கண்டலும்தான். இங்கே எதுவும் உரியவில்லை, உரிக்கவும் இல்லை. ஒட்டுத்தான் விட்டிருக்கிறது. அப்லேடருங் இங்கே நொண்டும், டெகோல்மான் நிமிர்ந்து நிற்கும். தோலுரிவு ஜேர்மன் பக்கம். நமக்கு வேண்டியது பிரெஞ்சுப் பக்கத்துச் சொல்.

அந்தச் சொல் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது: "தோல் கழண்டு வந்திட்டுது." சில்லு கழலும், பிடி கழலும், மோதிரம் கழலும். சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் வளை கழலும்: வளையும் முழுது, கையும் முழுது, இடையில் இருந்த பிடிப்பு மட்டும் போய்விட்டது. இதைவிடச் சரியாக இந்தக் காயத்தைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஆகவே தோல்கழல்வு. மூடிய வகைக்கு உட்கழல்வு.

மறுப்புகள் வரும். கழலை என்றால் கட்டியல்லவா, குழம்பாதா? ஈறு வேறு, இடமும் வேறு, குழம்பாது. புணர்ச்சிப்படி 'தோற்கழல்வு' என்றல்லவா வரவேண்டும்? இலக்கணம் தெரிந்தவர் அப்படி எழுதட்டும். துண்டுப்பிரசுரத்தில் லகரத்தை அப்படியே விடுங்கள். 'தோற்' என்று தொடங்கினால் பாதிப்பேர் தோல்வி என்று வாசிப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மோதிரம் எதிலாவது கொளுவி விரல் தோலைக் கழற்றிக்கொண்டு போகும் காயத்தை, விரலின் இரத்தவோட்டத்தை வைத்து 1981இல் அர்பனியாக் என்பவர் மூன்று தரமாகப் பிரித்தார். அந்தக் காயத்தின் பெயரை ஒருவர் 'மோதிரப் பிடுங்கல்' என்று தமிழாக்கியிருந்தார். வாசித்தால் களவு வழக்கு. வசனத்தில் இருப்பதைப் பெயர்க்கிறார்கள், நடந்ததைப் பெயர்ப்பதில்லை. மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் சத்திரசிகிச்சை நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயரிட்டார். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் புண்ணைப் பார்த்து வைத்த பெயர் அது. வன்னிச் சனம் 'மிதிவெடி' என்று சொன்னதும் அப்படித்தான். அதை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் 'நிலச் சுரங்கம்' என்று வந்திருக்கும். பிள்ளைகள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போயிருப்பார்கள்.

வைத்தியர்கள் தங்களுக்குள் தொலைபேசியில் 'டிகுளோவிங்' என்றே சொல்லட்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளையை அனுப்பும் அவசரத்தில் அதுதான் பாதுகாப்பு. துண்டுப்பிரசுரத்தை மறுபடி அச்சிட்டால் இப்படிப் போடலாம்: 'தோல்கழல்வுக் காயம். தொங்கும் தோலை இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். மஞ்சள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் போடவேண்டாம். சுத்தமான ஈரத்துணியால் மூடிக் கட்டுங்கள். முற்றாகப் பிரிந்த துண்டு இருந்தால் ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரே படக்கூடாது. மயக்கமருந்து கொடுக்கவேண்டி வரும், ஆகவே சோடாவோ சாப்பாடோ கொடுக்காமல் கொண்டுவாருங்கள். மேலே கிழியாவிட்டாலும், ரயர் ஏறின பிள்ளையைக் காட்டுங்கள்.'