விலை இறங்காத கார் என்று நம்பி வாங்குமுன்

தரை விரிப்பைத் தூக்கினேன். சாரதி ஆசனத்துக்குப் பின்னால் தகட்டில் வரிசையாக நான்கு துளைகள் இருந்தன. சீலன்ட் பூசி, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். ரோல் கேஜ், அதாவது போட்டிக் கார்களுக்குள் பூட்டும் பாதுகாப்புக் கம்பிக்கூடு, பூட்டிக் கழற்றிய தடம் அது. காரை வாங்க வந்த தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கட்டாரில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியிருந்தவர்.

"இதுல என்ன இருக்கு அண்ணே? ரேஸ் ஓடுன கார்னா கிராக்கி கூடத்தானே?"

விற்பவர் அவருக்கு ஏற்கெனவே ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். இது எவோ, அதாவது மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், இனிமேல் தயாரிக்கப்படாத கார், ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்றாலும் கொடுத்த காசுக்கு மேல் பத்து லட்சம் வரும். தம்பி காணி வாங்கச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்குள் ஒரு பதற்றம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மலைநாட்டில் லீசிங் கம்பனிகளுக்கும் காப்புறுதிக்கும் வாகன மதிப்பீடு செய்பவன். என்னிடம் வருபவை பெரும்பாலும் முச்சக்கரவண்டி, வேகன் ஆர், டொயோட்டா அலியன், டொல்பின் வேன். வருடத்தில் சில தடவைதான் லான்சர் எவலூஷனோ, சுபாரு எஸ்டிஐயோ வரும். அன்று கராஜ் வேலையெல்லாம் நின்றுவிடும், எல்லாரும் சுற்றி நிற்பார்கள். எனக்கும் அந்தக் கார்கள் மீது ஆசை உண்டு. ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது ஆசையை வெளியே விட்டுவிட வேண்டும்.

முதலில் எவோவுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மிட்சுபிஷி 1992ல் இதை உலக ரலிப் போட்டிக்காகச் செய்தது. அன்றைய குரூப் ஏ விதிப்படி ஒரு காரைப் போட்டிக்கு விட வேண்டுமென்றால், அதே மாதிரியில் குறைந்தது 2500 வண்டிகளைத் தயாரித்து விற்பனைக்கு விட வேண்டும். அப்படித் தொடங்கிய வரிசை. ரலி ஓட்டுநர் டொமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை இதில் உலக சாம்பியனானார். அதை நினைவுகூர்ந்து, வரிசையின் ஆறாவது மாதிரியான எவோ ஆறில் அவர் பெயரிலேயே ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. 2015ல் 'ஃபைனல் எடிஷன்' என்று ஜப்பானுக்கு 1000 கார்களை மட்டும் விற்று வரிசையை முடித்தார்கள். நான்கு கதவு, பின்னால் பிள்ளைகள் உட்கார இடம், டிக்கியில் அரிசி மூட்டை. அதே காருக்குள் 2000 சிசி டேர்போ எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும். இப்படி ஒன்றைப் பிறகு அந்த நிறுவனம் செய்யவில்லை என்பது உண்மைதான்.

மலையில் இந்தக் கார் மனதைப் பறிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அந்த அளவுக்கு வலு இழக்கும். டேர்போ, மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பில் பெரும்பங்கை ஈடுகட்டிவிடும். நானுஓயா ஏற்றத்தில் மற்றக் கார்கள் இரண்டாம் கியரில் முனகும்போது இது ஏறிப் போய்விடும். ஏப்ரலில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்க்க வரும் இளைஞர்கள் அந்தச் சத்தத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள். ஓட்டிப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் அட்வான்ஸ் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே ஓட்டிப் பார்ப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடத்தில் எவோ விலை ஏறியது. விட்ஸும் ஏறியது, அல்டோவும் ஏறியது, துருப்பிடித்த பழைய வேனும் ஏறியது. அந்த ஏற்றத்தைக் காரின் அருமையால் வந்தது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பிழைக்கும்.

ரூபாயையும் பாருங்கள். உதாரணத்துக்கு, 2017ல் ஒருவர் 60 லட்சத்துக்கு ஒரு கார் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு டொலர் 152 ரூபாயளவில். அதாவது அவர் கொடுத்தது 39,000 டொலருக்கும் சற்று மேல். டொலர் 300 ரூபாயாக இருக்கையில் அதை 85 லட்சத்துக்கு விற்றால் கையில் வருவது 28,000 டொலரளவுதான். பேப்பரில் 25 லட்சம் இலாபம், உண்மையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நட்டம். இந்தக் காருக்குரிய டேர்போ, கிளச், பெல்ட், பம்ப் எல்லாம் வெளிநாட்டுப் பணத்தில்தான் வருகின்றன. ஆகவே டொலரில் கணக்குப் பார்ப்பதை யாரும் வெட்டிப் பேச்சாக நினைக்கக் கூடாது. இடைப்பட்ட வருடங்களில் அவர் டயருக்கும் கிளச்சுக்கும் காப்புறுதிக்கும் செலவழித்ததை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது இறக்குமதி திறந்திருந்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் பழைய கார்களைக் கொண்டுவர முடியாது. எனவே பழைய எவோ புதிதாக உள்ளே வராது, இருப்பவை மட்டும்தான். எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும், அதுவும் சரி. ஆனால் விலை நிற்க அரிதாக இருப்பது மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும். அலியனை விற்பனைக்குப் போட்டால் ஆசிரியர் வருவார், கடைக்காரர் வருவார், ஹயர் ஓட்டுபவர் வருவார். பாதிப் பேர் லீசிங்கில் வாங்குவார்கள். இருபது, இருபத்தைந்து வயதான எவோவுக்கு லீசிங் கொடுக்கப் பெரும்பாலான கம்பனிகள் தயங்கும். மிஞ்சுவது மொத்தக் காசையும் கையில் வைத்திருக்கும் ஒரு சிறு கூட்டம். அவர்கள் அவசரப்பட மாட்டார்கள். உங்களுக்குப் பிள்ளையின் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து, இரண்டு வாரத்தில் விற்க வேண்டிய நிலை வந்தால், அந்தக் கூட்டம் சொல்லும் விலைதான் விலை. ஜப்பானிலோ அமெரிக்காவிலோ ஏலத்தில் போன விலையை ஃபோனில் காட்டி என்னோடு வாதாடுகிறார்கள். அந்த விலையைக் கொடுத்தவர் தலவாக்கலைக்கு வந்து உங்கள் காரை வாங்கப் போவதில்லையே.

அந்தச் சிறு கூட்டம் எதற்குக் காசு கொடுக்கும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் காருக்குக் கொடுக்கும். பெரிய டேர்போ, திறந்த சைலென்சர், தாழ்த்திய ஸ்பிரிங், மாற்றி எழுதிய கம்பியூட்டர் என்று பதினைந்து லட்சம் செலவழித்த உரிமையாளர், அந்தப் பதினைந்தையும் விலையில் ஏற்றிச் சொல்வார். வாங்குபவரோ அதற்காகவே கழிப்பார், கழிப்பதற்கு நியாயமும் உண்டு. ஜப்பானில் இந்த எஞ்சினுக்கு ஊற்றுவது 100 ஒக்டேன் அளவிலான பெற்றோல். நம் ஊர் ஷெட்டுகளில் பொதுவாக இருப்பது 92, 95. அதை ஊற்றிக்கொண்டு, டேர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்ட்டையும் கூட்டினால் எரிபொருள் நேரத்துக்கு முன்னால் வெடித்துப் பிஸ்டனைத் தின்றுவிடும். அந்தச் சேதம் வெளியே தெரியாது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் எந்த எவோவுக்கும் நான் மதிப்பீடு எழுதுவதில்லை.

போலிகளும் இருக்கின்றன. சாதாரண லான்சர் சிஎஸ்1, சிஎஸ்3 உடம்பில் எவோ பம்பரும் விங்கும் வைத்தவை. ஓட்டுபவர் அதை எவோ என்று சொல்லாதவரை அதில் குற்றமில்லை. எவோ என்று விலை பேசினால் சேசிஸ் நம்பரின் முன்பகுதியைப் பாருங்கள். எவோ ஐந்தும் ஆறும் CP9A, ஏழு முதல் ஒன்பது வரை CT9A, பத்து CZ4A. ஐந்திலிருந்து ஒன்பது வரை பொனெட்டும் முன் மட்காடும் அலுமினியம், காந்தம் ஒட்டாது. கதவிலும் பின் மட்காடிலும் ஒட்ட வேண்டும். ஒட்ட வேண்டிய இடத்தில் காந்தம் நழுவினால் உள்ளே அடிபட்டதை மூடிய புட்டிப் பசை இருக்கிறது.

ஈரமும் இங்கே ஒரு எதிரிதான். பின் அச்சில் வலுவைப் பங்கிடும் ஏவைசி அமைப்பு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. எவோ பத்தில் அதன் பம்ப் பின் சக்கரத்துக்கு அருகே, சேறு படும் இடத்தில் இருக்கிறது. மலைநாட்டு மழையில் ஓடிய காரில் அது அரித்துப்போயிருப்பதைக் கண்டிருக்கிறேன், மாற்றுவது சின்னச் செலவில்லை. டாஷ்போர்டில் இந்த அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க பல்பையே எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஒன்பது வரையிலான எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும். ஒரு லட்சம் கிலோமீற்றரில் மாற்றியதற்குப் பில் இருந்தால் மட்டுமே மாற்றியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே பேப்பர். எஞ்சின் பழுதாகி வேறு எஞ்சின் பூட்டுவது வழக்கம்தான். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டால், சிஆர் எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஒரு நம்பரும் எஞ்சினில் இன்னொரு நம்பரும் இருக்கும். அப்படிப்பட்ட கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் அறிக்கையில் முழு விலை பெறாது. ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே, நாலு கை மாறி வந்திருந்தால் இன்னும் மோசம். சிஆரில் பெயருள்ளவரைத் தேடிப் பிடிப்பதற்குள் வருடம் ஓடிவிடும். திணைக்களத்தில் அந்த வாகனத்தின் பதிவு விபரங்களைக் காட்டும் எக்ஸ்ட்ராக்ட் எடுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், தயவு செய்து.

காப்புறுதியில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிரீமியம் குறைய வேண்டுமென்று பெறுமதியைப் பாதியாகக் காட்டுகிறார்கள். விபத்து நடந்தால் நட்ட ஈடும் அதே விகிதத்தில் குறையலாம். செய்த மாற்றங்களை அறிவிக்காவிட்டால் முழுவதும் மறுக்கப்படவும் இடமுண்டு. சாதாரண மோட்டார் காப்புறுதி போட்டியோட்டத்தை ஏற்காது. ஒரு ஞாயிறு ரதல்ல கார்ப் போட்டியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் பொலிசியை வாசித்துவிட்டு இறங்குங்கள்.

விலை நின்ற கார்களையும் பார்த்திருக்கிறேன். பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஓர் ஐயாவின் எவோ ஆறு. மாற்றம் செய்யாமல் அவரும் இருக்கவில்லை. ஆனால் கழற்றிய சைலென்சர், ஸ்பிரிங், ஏர் கிளீனர் பெட்டி, நட்டு போல்ட்டு வரை எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, பழைய தேயிலைப் பெட்டிகளில் போட்டு, மேலே திகதி எழுதி வைத்திருந்தார். ஜப்பானில் ஏலத்தில் எடுத்தபோது வந்த ஒக்ஷன் ஷீட் இருந்தது. பில்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. நான் நினைத்ததைவிடக் கூடிய விலைக்கு மூன்றே பேர் பார்த்து விற்றுப்போனது. வாங்கியவர் காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் அந்தப் பெட்டிகளைத்தான் பார்த்தார்.

ஹட்டன் தம்பிக்குத் துளைகளைப் பற்றிச் சொன்னேன். பேர்பெற்ற ஓட்டுநர் ஓட்டியதற்குப் பதிவும் படமும் இருந்தால் ரேஸ் சரித்திரம் விலையைக் கூட்டும். மறைத்து மூடிய துளை, பாடி எவ்வளவு முறுக்கு வாங்கியது என்ற கேள்வியை மட்டும் விட்டுச் செல்லும். எக்ஸ்ட்ராக்ட் எடுக்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். விற்பவர் அந்த வாரம் வேலை இருக்கிறது என்றார், அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் தம்பியின் ஃபோனை எடுக்கவில்லை.

நேற்றிரவு தம்பி அழைத்தார். காணிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். மிச்சக் காசுக்கு, வீட்டுக்கும் ஹயருக்கும் உதவும் ஒரு அலியனை பார்த்து வைத்திருக்கிறாராம். "எவோ கொஞ்ச நாள் போகட்டும் அண்ணே" என்றார். ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைக்குப் போகிறோம். அலியன்தானே என்று காந்தத்தையும் டோர்ச்சையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகமாட்டேன்.