வேருக்கு மூச்சு: அடைமழையைக் கடக்கும் கோல்ஃப் திடல்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கோலாலம்பூரில் மாலை மழை எப்படிப் பெய்யும் என்பது, முறுக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டுக் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடியவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை கொட்டுவது இங்கே செய்தியாகாது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஆகவே, கோல்ஃப் திடலில் குழியும் கொடியும் இருக்கிற, கிரீன் என்று அழைக்கப்படும் புல்தரை 500 சதுர மீட்டர் பரப்புள்ளதாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் அதன்மீது 30,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அப்படியிருந்தும் மறுநாள் காலையில் முதல் குழுவினர் அதன்மேல் நடந்து பந்தைத் தட்டுகிறார்கள். காலடியில் நீர் பிதுங்குவதில்லை. அதே மழை பெய்த பக்கத்துப் பள்ளித் திடலில் அந்நேரம் வாத்து நீந்தலாம்.

புல்தரைப் பராமரிப்பைப் பற்றிய நூல்களைப் புரட்டினால், ஒரு பகுதி பனிக்காலத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். நமக்குத் தேவையற்றது என்று அதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் நம் மழைக்காலத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பகுதியே நல்ல நுழைவாயில் என்பது என் எண்ணம். கனடாவைப் போன்ற குளிர்நாடுகளில் பகல் குறுகத் தொடங்கியதும் புல் தன் செல்களில் உள்ள நீரைக் குறைத்துக்கொண்டு சர்க்கரையைச் சேர்த்துவைக்கிறது. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. பராமரிப்பாளர்கள் நிலத்தடிக் குழாய்களில் காற்றை அழுத்திச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறார்கள். இல்லையெனில் நீர் உறைந்து விரியும்போது குழாய்கள் வெடித்துவிடும். காலையில் இலைமேல் உறைபனி படிந்திருந்தால் அது உருகும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை, ஏனெனில் உறைந்த இலையை மிதித்தால் உள்ளிருக்கும் பனிப்படிகங்கள் செல்சுவர்களைக் கிழித்துவிடும். மிதித்தவரின் காலடித் தடம் பழுப்பு நிறத்தில் நாள்கணக்கில் நிற்கும்.

வானிலிருந்து விழும் வெண்பனி புல்லுக்கு அவ்வளவு பெரிய பகையல்ல. அது போர்வை போலக் கிடந்து கடுங்குளிரிலிருந்து காக்கிறது. அதன் அடியில் வளரும் பூஞ்சைகளை மட்டும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். உண்மையான பகை, உருகிய பனி மீண்டும் உறைந்து கண்ணாடித் தகடாகப் புல்தரையை மூடிவிடுவதுதான். உறங்கும் புல்லும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தகட்டின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போக, கரியமில வாயுவும் வேறு நச்சுப் பொருள்களும் சேர்ந்துகொண்டே வர, சில வாரங்களில் புல் செத்துப்போகிறது. குளிர் அதைக் கொல்லவில்லை; மூச்சடைப்பு கொன்றது.

அதே மூச்சடைப்புதான் கோலாலம்பூரில் மழையின் வடிவில் வருகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளை மழைநீர் நிரப்பிவிட்டால், மேலே காற்று வீசிக்கொண்டிருந்தாலும் வேருக்கு அது எட்டாது. அதோடு வெப்பமும் சேர்கிறது. உறைநிலையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகை செல்சியஸில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. வெப்ப மண்ணில் வேரும் மண்ணுயிர்களும் பன்மடங்கு வேகமாக மூச்சு விடுகின்றன. இருப்போ பாதி, செலவோ பல மடங்கு. பனிநாட்டில் வாரங்கள் எடுக்கும் கேடு இங்கே சில நாள்களில் முடிந்துவிடுகிறது.

ஆக்சிஜன் தீர்ந்த மண்ணில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. அவை ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி, அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாக மாறி, மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே கரிய படலமாகப் படிகிறது. திடல் பணியாளர்கள் கருப்பு அடுக்கு என்று அஞ்சுவது இதைத்தான். இது ஒருமுறை அமைந்துவிட்டால் நீர் இறங்குவது இன்னும் தடைபடும். நீர் தடைபட்டால் அடுக்கு இன்னும் தடிக்கும்.

இந்தச் சுழலுக்கு இடம் கொடாமலிருக்கவே கிரீன்கள் மண்ணில் அமைக்கப்படாமல் மணலில் அமைக்கப்படுகின்றன. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய கட்டுமான முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அடியில் வடிகுழாய், அதன்மேல் 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதற்கும் மேலே 30 சென்டிமீட்டர் தடிமனுக்குத் தேர்ந்தெடுத்த மணல். மணல் துகள்களில் குறைந்தது 60 விழுக்காடு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அளவில் இருக்க வேண்டும் என்றும், அந்த மணல் மணிக்கு 150 மில்லிமீட்டர் நீரையாவது கீழே விட வேண்டும் என்றும் அம்முறை வரையறுக்கிறது. நம் 60 மில்லிமீட்டர் மழை அதற்கு ஒரு பொருட்டல்ல.

இதில் வியப்புக்குரியது சரளைக்கல்லின் வேலை. மணலுக்கு அடியில் கல் இருந்தால் நீர் விரைந்து ஓடிவிடும் என்றுதான் எவரும் நினைப்பர், நடப்பது நேர்மாறு. மணலின் சிறு துளைகள் நீரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. கல்லுக்கு இடையிலுள்ள பெரிய துளைகளுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. எனவே நீர் மணலைவிட்டு இறங்க மறுத்து எல்லையிலேயே தொங்கி நிற்கிறது. மேலே நீர் சேர்ந்து அதன் எடை அந்தப் பிடிப்பை மீறும்போதுதான் அது மொத்தமாகக் கல்லுக்குள் விழுந்து வடிகுழாய்க்குப் போகிறது. சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் பஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்தால், சிறிது நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். அதே பஞ்சைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் மறுபடியும் நீர் சொட்டும். பஞ்சு மாறவில்லை, உயரம் மட்டும் மாறியது. உயரம் கூடினால் நீரின் எடை பிடிப்பை வெல்கிறது. கிரீனின் 30 சென்டிமீட்டர் மணல் அந்தச் செங்குத்துப் பஞ்சு. மழை விட்டதும் மேல்பகுதி வடிந்து அதன் துளைகளில் காற்று நுழைகிறது. அடிப்பகுதி மட்டும் ஈரத்தை வைத்துக்கொண்டு, வெயில் நாள்களில் வேருக்குக் கொடுக்கிறது. வடிந்தபின் மணலின் கனஅளவில் 15 முதல் 30 விழுக்காடு காற்றாக இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஃபேர்வே எனப்படும் நீண்ட பாதைகளுக்கு இவ்வளவு செலவு செய்ய எவராலும் இயலாது. அவை பெரும்பாலும் இருந்த மண்ணிலேயே அமைந்தவை. கோலாலம்பூரை அடுத்த செரி கெம்பாங்கானில் 1999-இல் உலகக் கிண்ணக் கோல்ஃப் போட்டி நடந்த மைன்ஸ் திடல், பழைய வெள்ளீயச் சுரங்க நிலத்தில் எழுந்தது. சுரங்க நிலத்தில் ஒரு பக்கம் நீரே தங்காத கழிவு மணலும், மறுபக்கம் நீரே இறங்காத சேற்றுக் களியும் கிடக்கும். மழை நாள்களில் வண்டிகளை ஃபேர்வேயில் இறக்கக் கூடாது என்று பலகை வைப்பது, நனைந்த களிமண்மேல் சக்கரம் ஏறினால் எஞ்சியிருக்கும் காற்றுத் துளைகளும் நசுங்கிவிடும் என்பதற்காகவே.

இனிப் புல்லைப் பார்ப்போம். கிரீன்களில் வளரும் பெர்முடா வகை நமக்குப் புதியதல்ல. பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்தான் அதன் தாய்வழி. அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவான மற்றொரு புல்லையும் இணைத்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கலப்பினங்களை உருவாக்கினார்கள். 1956-இல் டிஃப்கிரீனும், 1965-இல் அதிலிருந்து தோன்றிய குட்டை வகையான டிஃப்டுவார்ஃபும் வெளிவந்தன. தாய்ப்புல்லுக்கு 36 குரோமோசோம், ஆப்பிரிக்க உறவுக்கு 18, கலப்பினத்துக்கு 27. ஒற்றைப்படை எண் இரண்டாகப் பிரியாததால் அது விதை தருவதில்லை. கரும்பைப் போலத் தண்டுத் துண்டுகளை நட்டுத்தான் அதைப் பெருக்க வேண்டும். செத்த இடத்தில் விதையைத் தூவிச் சரிசெய்ய வழியில்லை.

இது வெப்பத்துக்குப் பிறந்த புல். 27 முதல் 35 பாகை வரை அதற்கு உகந்த காலம். மண் 10 பாகைக்குக் கீழே போனால் பழுப்பாகி உறங்கிவிடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அப்படி உறங்கும் புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிப்பதுண்டு என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கோலாலம்பூரில் அந்த உறக்கம் இல்லை. நடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருப்பதால், ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 20 நிமிட வேறுபாடுதான். ஆண்டு முழுதும் வளர்வதால் ஆண்டு முழுதும் வெட்ட வேண்டும், ஆண்டு முழுதும் மிதிபட வேண்டும்.

ஆனால் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மேகம் வானத்தை மூடிக்கொள்ளும்போது ஒளி குறைகிறது. கிரீனின் புல் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டப்படுகிறது. அந்தச் சிறு இலைப்பரப்பிலிருந்துதான் வேருக்கான சர்க்கரை முழுவதும் வர வேண்டும். ஒளி குறைந்தால் வேர் குறுகும். வெட்டும் உயரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினாலே இலைப்பரப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது. பந்து சற்று மெதுவாக உருளும் என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்புக்குப் பணிந்து ஒட்ட வெட்டும் திடல்கள், தை மாதத்தில் திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்து நிற்பதைக் காணலாம்.

வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்வெட்டின் பழைய விதி. மூன்று மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டுமென்றால் புல் நாலரை மில்லிமீட்டரைத் தாண்டுமுன் வெட்டியாக வேண்டும். இரண்டு நாள் மழை விடாமல் பெய்து இயந்திரத்தை இறக்க முடியாமற்போனால் கணக்கு தவறிவிடும். இதற்காகவே ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் டிரினெக்ஸபாக் எத்தில் என்ற மருந்தைச் சிறு அளவில் தெளித்து, புல்லை மேல்நோக்கி ஓடவிடாமல் வைக்கிறார்கள். உரத்தையும் சிறு சிறு தவணைகளில்தான் இடுகிறார்கள். மணல் சத்தைப் பிடித்து வைப்பதில்லை என்பதால், மொத்தமாக இட்டது ஒரே மழையில் வடிகுழாய்க்குப் போய்விடும்.

மழைக்கு முன்னும் பின்னும் நடக்கும் பெரிய வேலை துளையிடுதல். மழை சற்றுக் குறையும் ஜூன், ஜூலையிலும், மறுபடி பிப்ரவரி வாக்கிலும் இயந்திரம் கிரீன் முழுதும் உள்ளீடற்ற கம்பிகளை இறக்கிச் சிறு மண்குச்சிகளைப் பிடுங்கியெடுக்கிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளை ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இட்டால், மேற்பரப்பில் நாலரை விழுக்காடு மட்டுமே எடுபடுகிறது. அந்த நாலரை விழுக்காட்டின் வழியாகத்தான் அழுகிய தண்டும் வேரும் சேர்ந்த பஞ்சுப் படலம் வெளியேறிப் புது மணல் உள்ளே இறங்குகிறது. ஓரிரு வாரங்களுக்குக் கிரீன் இட்லித்தட்டுப் போலத் தோன்றும். மழை உச்சத்தில் இவ்வளவு பெரிய காயம் ஆறாது என்பதால், அப்போது பென்சிலைவிட மெல்லிய திண்கம்பிகளால் குத்திக் காற்று வழியை மட்டும் திறந்துவிடுகிறார்கள்.

உறைபனி உருகக் காத்திருக்கும் வழக்கம் நமக்கு இல்லாவிட்டாலும், அதற்கு ஈடான ஒன்று தானாகவே அமைந்திருக்கிறது. இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில், கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் அனைவரும் திடலைவிட்டு வெளியேற வேண்டும். நனைந்த கிரீன் வடிந்து முடியுமுன் யாரும் அதை மிதிக்காதிருப்பதற்கு மின்னலைவிடக் கண்டிப்பான காவலர் கிடைக்கமாட்டார்.

கனடாவில் பனிக்காலம் முடியுமுன் பராமரிப்பாளர்கள் பனிக்கட்டித் தகட்டைத் துளைத்து ஒரு பிடிப் புல்லை மண்ணோடு வெட்டியெடுத்து, சன்னலோர வெதுவெதுப்பில் வைத்து, அது பச்சை விடுகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மழை விட்ட காலையில் பணியாளர் குழாய்க் கருவியைக் கிரீனில் இறக்கி ஒரு மண்குச்சியை உருவியெடுக்கிறார். வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, இடையில் கருப்புக் கோடு தெரிகிறதா என்று பார்க்குமுன் அவர் அதை மூக்கருகே கொண்டுபோகிறார். அழுகிய முட்டை வாசம் வந்தால் அன்றே துளையிடும் இயந்திரம் வெளியே வருகிறது. ஈரமண் வாசம் மட்டும் வந்தால், குச்சியை அதே துளைக்குள் செருகிக் காலால் அழுத்திவிட்டு அடுத்த கிரீனுக்கு நடக்கிறார்.