புள்ளி தெரியாத புத்தகங்கள்

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன மாதம் தலைவலி என்று என் கண் மருத்துவமனைக்கு வந்தார். பேச்சுவாக்கில், "இப்போதெல்லாம் படிப்பதில்லையம்மா, மனம் ஒட்டமாட்டேன் என்கிறது" என்றார். வாசிப்பு அட்டையைக் கொடுத்தேன். கையை நீட்டினார், இன்னும் நீட்டினார், பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். 'பல்' என்று அச்சிட்டிருந்ததைப் 'பல' என்று படித்தார். தவறு புரிந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஓலைச்சுவடி படிப்பதுபோல் இருக்கிறது. அதில்தான் புள்ளி இருக்காது."

மூக்கில் இருந்தது 12 வருடத்துக் கண்ணாடி.

வயது ஏற ஏறக் கிட்டத்து எழுத்து மங்குவதற்கு வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கும். கறுப்பு மை வெளுத்துப்போகிறது. 40 வயதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், அதாவது வில்லை, இறுகுகிறது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அது சற்று உப்பவேண்டும்; இறுகியது உப்பாது. பிளஸ் ஒன்றில் தொடங்கும் பவர் 60 வயது வரை மெல்ல ஏறும். பழைய கண்ணாடியோடு படிப்பவர் நாலு பக்கத்தில் களைத்துப்போய், பழியை மனத்தின்மேல் போடுகிறார். நானும் அப்படித்தான். 43 வயதில், நாவல்களே அலுத்துவிட்டன என்று ஓர் ஆண்டு சொல்லிக்கொண்டு திரிந்தேன். கண் மருத்துவர்!

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் வேறு சிலர். "70 வயதில் பார்வை திரும்பிவிட்டது, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது கண்புரையின் தொடக்கம். வில்லை கெட்டியாவதால் கிட்டத்தில் இருப்பது தெளியும், தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் எண் மங்கும். சர்க்கரை ஏறினாலும் சில நாட்களில் பவர் இப்படி மாறும். அப்போது முதலில் பார்க்கவேண்டியது ரத்தப் பரிசோதனையை, கண்ணாடிக் கடையை அல்ல.

நடைபாதைக் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. ஆனால் அதை வாங்கிப் போட்டுக்கொண்டதும் டாக்டரிடம் போகும் எண்ணம் போய்விடுகிறது. வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும் கண் நீர் அழுத்த நோய் அப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது.

ஆசிரியர் புதுக் கண்ணாடியோடு நேற்று வந்தார். படிக்கிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்:

"வாசல் பலகையில் 'கண்ணாடி கடை' என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு 'க்' வேண்டுமம்மா."