ஆறாம் மாதச் சோதனையும் 'பாக்குல் மக்கானான்' உணவுக் கூடையும்: எஸ்டேட் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்போது அரசாங்க கிளினிக்கில் ஒரு தேதி குறித்திருப்பார்கள். நிமோகாக்கல் தடுப்பூசியின் இரண்டாம் டோஸ் அன்றுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற எஸ்டேட் டவுன்களில் இதை 'ஊசித் தேதி' என்றே எடுத்துக்கொண்டு, அன்றைக்கு யாருக்கு வேலை இல்லையோ அவர் கையில் பிள்ளையைக் கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. ஊசி போட்டாகிவிடும். ஆனால் அன்று மிஸ்ஸி (கிளினிக் தாதி) சாப்பாட்டைப் பற்றியும் பேசுவார். அதைக் கேட்க வேண்டியவர், வீட்டில் கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறவர். அவர்தான் போக வேண்டும்.

குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை மறக்காதீர்கள். ஒவ்வொரு சோதனையிலும் எடை பார்த்து அதிலுள்ள வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். சாப்பாட்டுச் சாமான் உதவி கிடைக்குமா இல்லையா என்பதை முதலில் சொல்வது அந்தப் புள்ளிகள்தான். இரண்டு சோதனை தவறினால் கோடு எங்கே வளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புள்ளி கீழ்க்கோட்டுக்கு மேலே இருந்தாலும், அடுத்தடுத்த மாதங்களில் ஏறாமல் படுத்துக் கிடந்தால் நீங்களே காரணம் கேளுங்கள்.

எடை குறைந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகச் சுகாதார அமைச்சு 1989 முதல் ஒரு திட்டம் நடத்திவருகிறது. அலுவலகத்தில் பி.பி.கே.இசட்.எம். என்பார்கள்; வெளியில் எல்லாருக்கும் அது 'பாக்குல் மக்கானான்', அதாவது உணவுக் கூடை. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அரிசி, முட்டை, நெத்திலி, எண்ணெய், மாவுப்பால் போன்ற சாமான் மாதம் ஒருமுறை கிடைக்கும். கூடவே எடையைத் தொடர்ந்து கவனிப்பார்கள். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க உதவிப் பணம் வாங்குகிற வீடு என்பதால் இது தானாக வந்துவிடாது. எடையும் குறைந்திருக்க வேண்டும், வருமானமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரம், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை), பெற்றோர் அடையாள அட்டை, கணவன் மனைவி இருவரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்காது. பிறப்பை 60 நாளுக்குள் பதியாமல் விட்டவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

சாமான் வந்த பிறகும் எடை ஏறாத வீடுகள் உண்டு. ஒரு பிள்ளைக்கு வந்த முட்டை ஐந்து பேர் தட்டுக்குப் போவது ஒரு காரணம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அந்த முட்டையைத் தனியாக எடுத்து வைத்தே ஆக வேண்டும். இன்னொன்று: கிடைத்த மாவுப்பால் சாதாரண ஃபுல் கிரீம் என்றால் ஒரு வயதுக்கு முன் அதைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள். டீயில் ஊற்றும் இனிப்பு டின் கிரீமரைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. அது சர்க்கரை.

இனி கஞ்சி. தலை நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். இவை வந்துவிட்டால் ஆரம்பிக்கலாம். முதலில் வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் வேளைக்கு அரை கப் வரை போகலாம். ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் இரண்டு வயது வரை தொடரட்டும்.

அதிகம் நடக்கும் தவறு தண்ணீர்க் கஞ்சி. குழந்தையின் வயிறு சிறியது. தண்ணீரால் நிரம்பினால் சத்துக்கு இடமில்லை. இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, இரண்டு கப் தண்ணீர். சிறு தீயில் குழைய வேகவிட்டு மசியுங்கள். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகாமல், தயங்கித் தயங்கி விழ வேண்டும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி எண்ணெய். உப்பும் சீனியும் வேண்டாம்.

அரிசி மட்டும் போதாது. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறாம் மாதவாக்கில் தீர்ந்துகொண்டு வரும். தாய்ப்பாலில் அது குறைவு. ஆகவே முதல் வாரங்களிலேயே முட்டை, மீன், கோழி ஈரல் எல்லாம் நன்றாக வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். ஈரல் வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசைக்கரண்டி போதும். கெம்போங் மீனை முள் பார்த்து விரலால் நசுக்கித் தேடுங்கள். நெத்திலியை நன்றாக ஊறவைத்து உப்புப் போக அலசி, வறுத்துப் பொடியுங்கள். புதுச் சாப்பாட்டை ஒவ்வொன்றாக, காலையில் கொடுத்தால் உடம்பில் தடிப்பு, வாந்தி வந்தால் எதனால் என்று தெரியும். டீயில் தோய்த்த பிஸ்கட் வேண்டாம். டீ இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. தேன் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி சிசுவுக்கு ஆபத்தானது. கோயிலில் சோறூட்டும்போது பஞ்சாமிர்தம் தொட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அதிலும் தேன் உண்டு.

பிரசவ விடுப்பு 98 நாள். ஆக, பெரட்டுக்கு (விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) போகிற தாயின் பிள்ளை கஞ்சி தொடங்கும் முன்பே ஆயாக் கொட்டகை என்ற தோட்டத்துக் காப்பகத்திலோ பாட்டியிடமோ இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்குக் காய்ச்சிய கஞ்சி பதினொரு மணி வரை டப்பாவில் கிடந்தால் கெட்டிருக்கும். நம் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. முதல் நாள் மாலை காய்ச்சி, சீக்கிரம் ஆறவைத்து, ஐஸ் தட்டில் உறைய வையுங்கள். ஒரு கட்டி சுமார் இரண்டு மேசைக்கரண்டி வரும், எண்ணிக் கொடுத்தனுப்ப வசதி. கொட்டகையில் ஃபிரிட்ஜில் வைத்து, வேளைக்குக் கொதிக்கும் வரை சூடாக்கி, ஆறியதும் ஊட்டட்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், மறுபடி சூடாக்கக் கூடாது.

தோட்டத்துக் குழந்தைக் காப்பகம் முதலாளியின் தயவு அல்ல. 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446 வீட்டு வசதியோடு அதைப் பற்றியும் விதி வைத்திருக்கிறது. கொட்டகையில் தண்ணீர் வராவிட்டால், சமைக்க இடம் இல்லாவிட்டால் முதலில் எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம், எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி). அதற்கு முந்திய ஒரு வாரம் பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை கரண்டி என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். 'நல்லா சாப்பிடுது' என்ற பதிலை வைத்து மிஸ்ஸியால் ஒன்றும் செய்ய முடியாது.