மீள்திறன்: மின் பகிர்மானத்தில் ‘ரெசிலியன்ஸ்’

புயல், வெள்ளம், வெப்ப அலை பற்றிய மின் பகிர்மான ஆவணங்களில், அடிபட்டும் மீண்டு வரும் திறனைச் சுட்டும் ‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல்லைத் தாங்குதிறன், நெகிழ்திறன், மீள்தன்மை, மீள்திறன் எனப் பலவாறு எழுதுகிறார்கள். எதைப் போட்டால் என்ன என்று விட்டுவிட முடியாது. தாங்குதிறன் என்று எழுதினால் படிப்பவர் மனதில் வருவது தடித்த கம்பம்தான்; பணமும் அதற்கே போகும்.

மூலம் இலத்தீன். ‘ரெ’ என்றால் பின்னோக்கி, ‘சலிரே’ என்றால் துள்ளுதல். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எதிரொலி திரும்பி வருவதைக் குறிக்கக்கூட இச்சொல் வழங்கியது. 1818இல் ஆங்கிலப் பொறியாளர் தாமஸ் ட்ரெட்கோல்ட் மரத்தின் வலிமையை ஆராயும்போது இதைப் பொறியியலுக்குள் கொண்டுவந்தார். உருக்குலையாமல் எவ்வளவு ஆற்றலை ஒரு பொருள் உள்வாங்கித் திருப்பித் தரும் என்பதே அங்கே பொருள். 1973இல் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங், குலைவை உள்வாங்கியும் ஓர் அமைப்பு நீடிப்பதற்கு இதையே ஆண்டார். மின்துறையின் பொருள் இதற்கு நெருக்கமானது.

நம்பகத்தன்மை வேறு, இது வேறு. ஒரு நுகர்வோர் ஆண்டில் சராசரியாக எத்தனை நிமிடம் மின்சாரமின்றி இருந்தார் என்பது நம்பகத்தன்மைக் கணக்கு. மின்பொறியாளர் அமைப்பான ஐட்ரிபிள்ஈயின் 1366 தரமுறைப்படி, இந்த நிமிடக் கணக்கின் ஐந்தாண்டுத் தினசரி மதிப்புகளின் மடக்கைகளை (லாகரிதம்) எடுத்து, அவற்றின் சராசரியோடு திட்ட விலக்கத்தின் 2.5 மடங்கைக் கூட்டி ஒரு வரம்பு வைப்பார்கள். அதைத் தாண்டிய நாட்கள் தனியே பிரிக்கப்படும். பெரும்பாலான புயல் நாட்கள் அப்படிப் பிரிந்துபோவதால், எண் அழகாக இருந்தும் வலையமைப்பு முதல் பெருங்காற்றில் சரியலாம்.

தமிழில் மீள்தன்மை, மீட்சி இரண்டும் இயற்பியலில் இரப்பர் இழுபட்டுத் திரும்பும் பண்புக்கு வழங்குகின்றன. நெகிழ்திறன் வளைந்துகொடுப்பதோடு நின்றுவிடுகிறது. மீள்திறனே பொருந்தும். மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. மின்தடம் தானாகத் திரும்புவது ஒன்று, ஆட்கள் போய்த் திருப்புவது இன்னொன்று. தாங்கல், மீள்தல், மீட்டல் மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே செலவிடுவது என்று தெரியும்.

தாங்கலுக்கு எல்லை உண்டு. காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டர் 140 ஆனால் கம்பத்தின் மேல் விழும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். மரம் கம்பியின் மேல் சாயும்போது ஒரு கம்பம் அடுத்ததை இழுத்து வரிசையாகக் கவிழ்க்கும். எல்லாவற்றையும் தடிப்பாக்குவதைவிட, தடம் செல்லும் இரு திசைகளிலும் ஸ்டே கம்பி (கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) கட்டிய வலுவான கம்பத்தை இடையிடையே நட்டால் சரிவு அங்கே நிற்கும். வீட்டு இணைப்புக் கம்பி, கம்பம் முறியும் முன்பே அறுந்துவிழும்படி அமைப்பதும் நல்ல வடிவமைப்பே. நிலத்தடிக் கேபிளைக் காற்று தொடாது. ஆனால் இணைப்புப் பெட்டிக்குள் நீர் புகுந்தால் பழுது எங்கே என்று தேடவே நேரம் போகும்.

மீள்தலின் முதல் கருவி, பழுது வந்தால் தானே துண்டித்துத் தானே மீண்டும் இணைக்கும் ரீக்ளோசர். மேல்நிலைத் தடங்களில் வரும் பழுதுகளில் பெரும்பகுதி கிளை உரசல், மின்னல் போன்ற தற்காலிகப் பழுதுகள். ரீக்ளோசர் திறந்து (மின்சாரத்தைத் துண்டித்து), சற்றுப் பொறுத்து, மீண்டும் மூடிப் (இணைத்துப்) பார்க்கும். பழுது தீராவிட்டால் பொதுவாக மூன்று அல்லது நான்கு முறை துண்டித்தபின் பூட்டிக்கொள்ளும். காய்ந்த புல்லும் வறண்ட காற்றும் சேர்ந்த நாளில் இந்த மறுமூடலை நிறுத்திவைக்க வேண்டும். கீழே விழுந்த கம்பிக்கு மறுபடி மின்சாரம் போனால் தீப்பற்றும். அடுத்தது, பக்கத்துத் தடத்தோடு சேர்க்கும் இணைப்பு ஸ்விட்ச். இரண்டு தடங்களும் ஏற்கெனவே 90 சதவீதச் சுமையில் ஓடினால் அது வெறும் அலங்காரம். அந்த ஸ்விட்சின் பேட்டரியைக் கவனிக்காமல் விட்டால், தேவைப்படும் இரவில் தொலைவிலிருந்து இயக்க முடியாது.

மீட்டலில் அதிகம் ஏமாற்றுவது குளிர்ந்த சுமை. பல மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது ஏசி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடக் காத்திருக்கும். வழக்கமாக முறைவைத்து ஓடுபவை ஒன்றாகக் கிளம்புவதால் சுமை வழக்கத்தின் இருமடங்கைக்கூடத் தொடும், பிரேக்கர் விழும், இல்லாத பழுதைத் தேடி ஆட்கள் அலைவார்கள். இதைத் தவிர்க்க, மின்சாரம் கொடுக்கும் முன்பே பகுதி ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் திறந்துவைத்து, ஒரு பகுதியை ஏற்றி, அம்மீட்டர் இறங்கும்வரை பொறுத்து, அடுத்ததை ஏற்ற வேண்டும். வேலை நடக்கும் கம்பியை இருபுறமும் எர்த் செய்த பிறகே தொடவேண்டும். தடத்தை நிறுத்தியிருந்தாலும், யாரோ வீட்டு ஜெனரேட்டரை நேரடியாக இணைத்திருந்தால், மின்மாற்றி அதை உயர் அழுத்தமாக்கிக் கம்பிக்கு அனுப்பிவிடும்.