இருமல் நின்ற பிறகும் குளிசை எதற்கு?

காசநோய்க்கு மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகும்போதுதான் எனக்குப் பயம் கூடும். அதற்குள் இருமல் அடங்கி, பசி திரும்பி, முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கும். “டொக்டர், எனக்கு இப்ப ஒரு வருத்தமும் இல்லையே, இனியும் ஏன் குளிசை?” என்று கேட்கிறவர்கள் பரவாயில்லை, பதில் சொல்லலாம். கேட்காமலே நிறுத்திவிடுகிறவர்கள்தான் பிறகு சளியில் இரத்தத்தோடு வந்து நிற்பார்கள்.

காரணம் நுரையீரலுக்குள் இருக்கும் மெக்ரோபேஜ்கள். பெருவிழுங்கிகள் என்றும் சொல்வோம். மூச்சோடு உள்ளே போகும் தூசி, கரி, கிருமி எல்லாவற்றையும் காற்றுப்பைகளிலேயே மடக்கி விழுங்கி, அமிலமும் நொதியங்களும் கொண்டு கரைத்துவிடும் கலங்கள் இவை. மண்ணீரலில் இருப்பவை வயதுபோன செங்குருதிக் கலங்களை விழுங்கி, அவற்றின் இரும்பை உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. 1882இல் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் குடம்பிக்குள் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தால், கலங்கள் வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. இப்படி விழுங்கும் கலங்கள்தான் உடம்பைக் காக்கின்றன என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதியானது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ரொபர்ட் கோக் பெர்லினில் அறிவித்ததும் அதே ஆண்டுதான்.

அந்தக் கிருமியையும் மெக்ரோபேஜ் விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் விழுங்கிய பையோடு அமிலமும் நொதியமும் நிறைந்த பை வந்து சேர்ந்தால்தான் கிருமி சாகும். அந்தச் சேர்க்கையையே இது தடுத்துவிடுகிறது. கள்ளன் பொலிஸ் ஸ்டேஷனிலேயே பாய் விரித்துப் படுத்த கதைதான். அவசரமும் கிடையாது: சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்போது இதற்கு ஏறத்தாழ 20 மணித்தியாலம் வேண்டும். சில கிருமிகள் பெருகாமலே உறங்கிக் கிடக்கும். பெருகாத கிருமியை மருந்தாலும் சுலபத்தில் கொல்ல முடியாது.

அதனால்தான் வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்று நான்கு மருந்து. அடுத்த 4 மாதம் முதல் இரண்டும் மட்டும். இருமல் நின்றால், வேகமாகப் பெருகியவை செத்துவிட்டன என்றுதான் அர்த்தம். பதுங்கியிருப்பவை மிச்சம். பாதியில் விட்டால் அவை மீண்டும் கிளம்பும், மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறலாம்.

இன்னொன்று, ரிஃபம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம். சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று பயந்து குளிசையை நிறுத்தியவர்கள் உண்டு, முதல் நாளே சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் கண் மஞ்சளானால், பார்வை மங்கினால் அன்றைக்கே வந்து காட்டுங்கள்.

தொற்று ஏற்பட்ட எல்லோரும் நோயாளியாவதில்லை. மெக்ரோபேஜ்கள் ஒன்றுகூடிக் கிருமியைச் சிறு முடிச்சாக அடைத்துவைக்கின்றன. 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக வெளிவரும். அந்த அடைப்பைத் தளர்த்துவது எச்.ஐ.வி., புகைத்தல், நீண்டகால ஸ்டீரொயிட், மூட்டுவாதத்துக்குப் போடும் சில ஊசிகள், அப்புறம் சீனி வருத்தம். கொழும்பில் சீனி வருத்தம் இல்லாத குடும்பம் எத்தனை? நாட்டில் காசநோயாளிகள் அதிகம் பதிவாகும் மாவட்டமும் இதுவே. எதிர்ப்புச் சக்தி மா டின்னுக்குச் செலவழிக்கும் காசில் சீனியின் அளவைப் பார்த்துக் கட்டுப்படுத்தினால் இந்தக் கலங்களுக்கு உண்மையான உதவி.

வெட்கம் தனிப் பிரச்சினை. மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், வெளியில் தெரியக்கூடாது என்று வெள்ளவத்தையிலிருந்து வேறு மாவட்டத்துக்கு மருந்தெடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தூரம் கூடக்கூட மருந்து தவறும். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும், பாத்திரம் பண்டம் பிரிக்கத் தேவையே இல்லை.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத மெலிவு இருந்தால் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும், எச்சில் போதாது.